இழைப்புளியின் ஒட்டுப்போட்ட பிடிகள்

அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனம் 1869இல் லெனார்ட் பெய்லியின் காப்புரிமைகளை வாங்கி வார்ப்பிரும்பு இழைப்புளிகளைச் செய்யத் தொடங்கியது. அவற்றின் பின்பிடியும் முன்குமிழும் நெடுங்காலம் ரோஸ்வுட் மரத்தில் அமைந்தன. பின்பிடியை ஊடுருவும் நீண்ட இரும்புக் கம்பியும் பித்தளை நட்டும் அதை உடலோடு இறுக்கிப் பிடிக்கின்றன.

மர ரேகை அடித்தளத்துக்கு இணையாக ஓடுவதால் பிடியின் கழுத்தே பலவீனமான இடம். மரம் காய்ந்து சுருங்கினால் நட்டு தளரும். தள்ளும் விசையில் கழுத்தில் விரிசல் விழும். கருவி கீழே விழுந்தால் மேல்நுனிக் கொம்பு ஒடியும்.

பழைய தச்சர்கள் கைக்குக் கிடைத்ததைக் கொண்டே இவற்றைச் சரிசெய்தார்கள். சிலர் வஜ்ஜிரப் பசையால் ஒட்டித் திருகாணி இறக்கினார்கள். சிலர் செப்புக் கம்பியையோ தோல் வாரையோ சுற்றினார்கள். பித்தளைத் தகட்டை வளைத்து ஆணியடித்தவர்களும் உண்டு. உடைந்த கொம்புக்கு வேறு மரத்துண்டைப் பொருத்தி அரத்தால் வடிவாக்கிய பிடியில் இரு நிறங்கள் அருகருகே தெரியும். முழுப் பிடியையும் புதிதாகச் செதுக்கியவர்கள் தங்கள் உள்ளங்கை அளவுக்கே அதை அமைத்துக்கொண்டார்கள்.

இன்று எபாக்சிப் பசை விரிசலைத் தடம் தெரியாமல் மறைத்துவிடும். ஆனாலும் உறுதியாக நிற்கும் பழைய ஒட்டைக் கலைக்காமல் விடுவதே நல்லது. அந்தக் கருவியை நம்பி உழைத்தவரின் திறமைக்கு அந்த ஒட்டே சான்று. நட்டு இறுகாவிட்டால் அதனடியில் ஒரு வாஷர் வைத்தாலே போதும்.