போதும் என்பது யாருடைய சொல்?
பவளத்தொட்டி வளர்ப்பை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

ஆவடிப் பக்கத்தில் 'டாங்க்' என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். 1961இல் தொடங்கப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் இன்றும் 'டாங்க் பாக்டரி' என்றே சொல்கிறார்கள். திருமுல்லைவாயிலில் என் வாடகை வீட்டில் ஒரு டாங்க் இருக்கிறது என்று நான் முதலில் சொன்னபோது இடதுசாரி நண்பர் ஒருவர், "குண்டு எங்க வாங்கறீங்க தோழர்?" என்று கேட்டார். என்னுடையது இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்பு நீர், சில பாறைத் துண்டுகள், காளான் பவளம் என்று சொல்லப்படும் ஒருவகை உயிரி, இரண்டு கோமாளி மீன்கள். அவ்வளவுதான்.

'அவ்வளவுதான்' என்று இப்போது எழுதிவிட்டேன். இந்தச் சொல்லுக்கு வந்துசேர எனக்கு ஏழெட்டு வருஷம் பிடித்தது. அதை நான் நேர்மையாக அடைந்தேனா, அல்லது வேறு வழியில்லாமல் வந்துசேர்ந்துவிட்டு அதற்குத் திருப்தி என்று பெயர் சூட்டிக்கொண்டேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. அந்தச் சந்தேகத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பதே இக்குறிப்புகளின் நோக்கம். மீன் வளர்ப்பு எழுத்தாளர்களும் களப்பணியாளர்களும் படிக்கிற பத்திரிகைக்கு உரிய விஷயமா என்று கேட்கலாம். நுகர்வு குறித்து மற்றவர்களை முன்வைத்துத்தான் நாம் பேசிப் பழகியிருக்கிறோம். ஒருமுறை நம் வீட்டுக் கூடத்திலிருந்து தொடங்கிப் பார்ப்போமே.

2

தொட்டி வைத்தவனுக்குத் தெரியும், அங்கு எதுவும் முடிவதில்லை. முதலில் கண்ணாடி, உப்பு, பம்பு. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. குழாய்த் தண்ணீர் ஆகாது, ஆகவே ஆர்.ஓ. கருவி. கழிவைப் பிரிக்க ஸ்கிம்மர். பவளத்துக்கு நீல ஒளி, ஆகவே தனி விளக்கு. மே மாதத்து அம்பத்தூர் வெயிலில் தண்ணீர் 32 டிகிரியைத் தொடும், பவளத்துக்கோ 26 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும், ஆகவே சில்லர். பிறகு கால்சியம் அளவு, காரத்தன்மை, மெக்னீசியம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனைப் பெட்டி. இவையெல்லாம் சேர்ந்து ஒருவாறு நிலைபெறும்போது, 'இந்தத் தொட்டி சின்னது, நாலடியில் எல்லாமே சுலபம்' என்ற யோசனை வந்துவிடும். அது பொய்யும் இல்லை. தண்ணீரின் கொள்ளளவு கூடினால் மாறுதல்கள் மெதுவாகும் என்பது உண்மையே. அங்கேதான் சிக்கல். இந்தப் பொழுதுபோக்கின் சொல்லாடலில் ஒவ்வொரு ஆசையும் ஒரு தேவையின் உடை உடுத்தியே வருகிறது. 'எனக்கு வேண்டும்' என்று யாரும் சொல்வதில்லை, 'பவளத்துக்கு வேண்டும்' என்றுதான் சொல்கிறோம்.

ழான் பொத்ரியார் 1968இல் எழுதிய பொருள்களின் அமைப்பு பற்றிய நூலில், சேகரிப்பவன் கடைசியில் சேகரிப்பது தன்னைத்தான் என்று வாதிடுகிறார். தொகுப்பில் இல்லாத அந்த ஒரு பொருள்தான் தொகுப்பை உயிரோடு வைத்திருக்கிறது. அது கிடைத்து வரிசை முழுமையானால் சேகரிப்பவனின் கதை முடிந்துபோகும். என் தொட்டிக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் பாதி சரி, பாதி தவறு. சரியான பாதி: இல்லாத ஒன்றைப் பற்றியே நான் எப்போதும் யோசித்தேன், இருக்கிற மீனைப் பார்க்கவில்லை. தவறான பாதி: தபால்தலை சாவதில்லை, மீன் சாகும். இங்கே ஒவ்வொரு 'இன்னும் ஒன்று'க்கும் ஓர் உயிர் பிணை நிற்கிறது. கொள்ளளவுக்கு மேல் ஒரு மீன் சேர்த்தால் நைட்ரேட் ஏறும், பாசி படரும், காலையில் விளக்கைப் போடும்போது ஒன்று மிதக்கும். தண்ணீர் 'போதும்' என்று சொல்லத்தான் செய்கிறது. அந்தச் சொல்லை 'இன்னொரு கருவி வாங்கு' என்று மொழிபெயர்த்துத் தருகிறது சந்தை.

மொழிபெயர்க்காமல் கேட்டவர்களும் உண்டு. இந்தோனேசியாவின் லீ சின் எங் 1961இல் எழுதிய முறை மிக எளியது: கடல்நீர், உயிருள்ள பாறை, வெளிச்சம், கொஞ்சம் காற்றுக் குமிழி. பாறைக்குள் இருக்கும் நுண்ணுயிரிகளே சுத்திகரிப்பு வேலையைச் செய்துவிடும். ஆனால் கடற்கரை அருகில் வாழ்ந்தவனுக்கு அது எளிமை. திருமுல்லைவாயிலில் அதே எளிமைக்கு, எங்கோ ஒரு கடலிலிருந்து பாறையை உடைத்துக் கொண்டுவர வேண்டும். எளிமைக்கும் ஒரு விநியோகச் சங்கிலி இருக்கிறது.

3

கடலைப் பெட்டிக்குள் வைக்கும் ஆசைக்கு ஒரு வரலாறு உண்டு, அது அப்பாவி வரலாறு அல்ல. லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் 1853இல் முதல் பொது மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்குத் துணைநின்ற பிலிப் ஹென்றி காஸ் மறுவருடம் எழுதிய புத்தகம் நடுத்தர வர்க்க வீடுகளில் ஒரு பித்தையே கிளப்பிவிட்டது. கூடைகளோடு கிளம்பிய கூட்டம் இங்கிலாந்தின் பாறைக்குட்டைகளைக் காலி செய்தது. அதைக் கண்ட அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907இல் தன் நினைவுநூலில் அந்த அழிவைத் துக்கத்தோடு பதிவு செய்திருக்கிறார். கடலை நேசித்தவரின் புத்தகமே கரையைக் காலி செய்ய வழிகாட்டியாயிற்று.

சென்னைக்கு வருவோம். மெரினாவில் 1909இல் திறந்த மீன்காட்சியகம், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் உருவானது. அதே 1909இல்தான் அவருடைய 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. மனிதர்களின் மூக்கை அளந்து சாதிகளை வரிசைப்படுத்திய கரமே ராமேஸ்வரத்துக் கடலுயிர்களையும் வரிசைப்படுத்தியது. இதை வெறும் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. பிடி, பெயரிடு, கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்து, பார். பார்ப்பவன் ஒருபோதும் பார்க்கப்படுவதில்லை. என் கூடத்துத் தொட்டி அந்தக் காலனியப் பார்வையின் மாதத் தவணைப் பதிப்பு.

4

என் முதல் 'லைவ் ராக்' துண்டை ஒரு கடையில் வாங்கினேன். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்காமல் இருப்பது இந்தப் பொழுதுபோக்கில் ஒரு நாகரிகம். பாறை கட்டும் பவளங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கிற அதே அட்டவணையில், சேர்க்கப்பட்டன என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பின்னும் அந்தத் துண்டு என்னிடமேதான் இருக்கிறது. தொட்டியில் வளர்ந்ததைக் கடலில் கொண்டுபோய் விடுவது இன்னொரு கேடு. இதை நியாயமாகச் சொல்லவில்லை, வாக்குமூலமாகச் சொல்கிறேன்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்கடியில். சுண்ணாம்புக்காகவும் ரசாயன ஆலைகளுக்காகவும் பல பத்தாண்டுகள் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததே அதற்கு முக்கியக் காரணம். அப்போது யாரும் ஆலைகளிடம் 'போதும்' என்று உரக்கச் சொல்லவில்லை. 1986இல் தேசியப் பூங்கா வந்தது. வந்தபின் 'போதும்' என்ற சொல் முதலில் சென்று விழுந்தது யார்மீது? தீவுகளைச் சுற்றி முங்கிப் பாசி எடுத்து அன்றாடம் பிழைத்த பெண்கள்மீது. பவளத்தைக் காப்பது வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வரம்பு என்பது எப்போதும் கீழே இருப்பவர்களிடமிருந்தே தொடங்குகிறது என்பதைச் சூழலியல் பேசும் நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

'போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து' என்று பள்ளிச் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். கூலி உயர்வு கேட்டவனிடமும் இதைத்தான் சொன்னார்கள். ஆசையை அடக்கச் சொல்லும் பழமொழியும் கடைசியில் பொன்னைத்தான் பரிசாகக் காட்டுகிறது என்பதைக் கவனிக்கலாம். 1955 ஜனவரியில் இதே ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோசலிச பாணிச் சமுதாயம் அமைப்பதாகத் தீர்மானம் போட்டது. யாருக்கு எவ்வளவு போதும் என்பதை மனத்தின் பக்குவத்திடம் விடாமல், ஊர்கூடித் தீர்மானிக்கலாம் என்ற எண்ணமாவது அதில் இருந்தது. தீர்மானம் என்னவாயிற்று என்பது வேறு கதை.

5

2019 கோடை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வற்றிவிட்டன. எங்கள் தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நின்றன. நான் அப்போது நாலடித் தொட்டிக்கு முன்பணம் கொடுத்திருந்தேன். இரண்டடித் தொட்டிக்கு வாரம் இருபது லிட்டர் சுத்த நீர் ஆகும், பத்து மாற்றுவதற்கு, பத்து ஆவியாவதை ஈடுகட்ட. ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் தருவதற்கு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளியது. ஆக வாரம் அறுபது லிட்டர், நாலு குடம், சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. கீழ்வீட்டு அக்கா ஒருநாள் குழாய்ச் சத்தம் கேட்டு மேலே வந்தார்.

"ஏன் தம்பி, மீனுக்கா இவ்ளோ தண்ணி?"

"கடல் மீன்க்கா. சுத்தத் தண்ணி வேணும்."

"கடல் மீன்னா கடல்ல இருக்கட்டுமே. சரி, அந்த வீணாப் போற தண்ணியையாவது குடத்துல புடிச்சு வை. பாத்திரம் கழுவிக்கறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது. அவர் என் ஆசையைத் தடுக்கவில்லை; அதன் கழிவில் தனக்கொரு பங்கு கேட்டார். நாலடித் தொட்டிக்குக் கணக்குப் போட்டேன்: வாரம் 65 லிட்டர் சுத்த நீர், 195 லிட்டர் கழிவு. முன்பணத்தை விட்டுவிட்டேன். இதைத் துறவு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். வெட்கம் என்றால் பொருந்தும். வெட்கம் ஒரு சமூக உணர்வு, தனியாக இருக்கிறவனுக்கு அது வராது.

இத்தோடு முடித்தால் நீதிக்கதை ஆகிவிடும். ஆகவே கொளத்தூரையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு அடுத்த பேட்டையான கொளத்தூரிலும் வில்லிவாக்கத்திலும் எத்தனையோ குடும்பங்கள் மொட்டை மாடியிலும் கொல்லையிலும் சிமெண்டுத் தொட்டி கட்டி வண்ணமீன் வளர்த்துப் பிழைக்கின்றன. கப்பி, மோலி, ஏஞ்சல், பைட்டர். என்னுடைய இந்த 'போதும்' தத்துவத்தை அங்கே ஒரு வியாபாரியிடம் சொன்னேன். "நீங்க போதும்னுட்டா நாங்க என்ன சார் பண்றது?" என்று சிரித்தார். என் வேட்கை அவருடைய அரிசி. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்ல முடியும். அவருடைய கப்பி அவர் தொட்டியிலேயே பிறந்தது. கடல் மீன் வணிகத்தில் வருபவற்றில் பெரும்பகுதி கடலில் பிடித்தவை, சில இடங்களில் சயனைடு தெளித்தும் பிடித்தவை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே ஆசையா துறவா என்ற கேள்வியை விட, இந்த ஆசை யாருடைய உழைப்பையும் எந்தக் கடலையும் தொட்டுக்கொண்டு வருகிறது என்ற கேள்வி பயனுள்ளது.

6

பவளப்பாறை சத்துக் குறைந்த கடலில்தான் செழிக்கிறது. தன் உடலுக்குள் வாழும் பாசிக்கு இடம் கொடுத்து, அது வெளிச்சத்தில் சமைக்கும் உணவில் பெரும்பங்கைப் பெற்றுக்கொண்டு, கிடைத்ததைத் திரும்பத் திரும்பப் புழங்கவிட்டு அவ்வளவு பெரிய உலகத்தைக் கட்டுகிறது. இயற்கையிலிருந்து அரசியல் பாடம் எடுப்பது ஆபத்தான பழக்கம், சாதியைக்கூட அப்படி நியாயப்படுத்தியிருக்கிறார்கள். ஆகவே பாடம் எடுக்கவில்லை. வழக்கமான உச்ச வெப்பத்துக்கு மேல் ஒரு டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தால் அந்த உறவு முறிந்து பவளம் வெளுக்கிறது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது பவள வெளுப்பு அறிவிக்கப்பட்டபோது என் தொட்டியில் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது, தண்ணீர் 27 டிகிரியில் இருந்தது, என் காளான் பவளம் நன்றாக விரிந்திருந்தது. கடலைச் சூடாக்கும் மின்சாரத்தில் ஒரு துளி கடலைக் குளிரவைத்துக்கொண்டிருந்தேன்.

இன்றும் நாலடித் தொட்டி எங்காவது கண்ணில் பட்டால் மனம் அளவெடுக்கத்தான் செய்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. கழிவுநீர்க் குழாய் இப்போது கீழே அக்கா வீட்டுக் குடத்தில் இறங்குகிறது. குடம் நிரம்பியதும் அவர் கீழிருந்து குரல் கொடுப்பார்: "போதும் தம்பி, நிறுத்து." நான் போய் நிறுத்துவேன்.