கம்பி யாருடையது?

90களில் எங்கள் தெரு மின்கம்பத்தில் கறுப்பாக ஒரு கம்பி ஏறியது. கட்டியவரே மாத வசூலுக்கும் வருவார். அவருடைய உள்ளூர் சேனலில் பழைய படம், ஜவுளிக்கடை விளம்பரம், தேர்த் திருவிழா. 'நம்மூரு டிவிங்க' என்பார்கள். அந்த 'நம்'மைத்தான் கொஞ்சம் நோண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுச்சொத்து என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் சேலம், நாமக்கல் வீடுகளுக்குத் தனியார் தொலைக்காட்சி கம்பி வழியாக அல்லவா வந்தது? அதே ஆண்டின் கேபிள் சட்டம் ஆபரேட்டரைத் தலைமைத் தபால் நிலையத்தில் பதிவு செய்யச் சொன்னது. கம்பிக்கும் சேனலுக்கும் செய்திக்கும் ஒரே ஆள் முதலாளியாக இருப்பதை அது தடுக்கவில்லை. பள்ளிபாளையத்துச் சாயத்தண்ணீர் காவிரியில் கலப்பதைக் காட்டக்கூடாதா என்று ஒரு உள்ளூர் சேனல்காரரிடம் கேட்டேன். 'எடுத்துப் போட்றலாமுங்க. அப்பறம் வெளம்பரம் யாருங்க குடுப்பாங்க?' என்றார். மனுசன் ஒளிவுமறைவு இல்லாதவர்.

சேலத்துக் கேபிளில் தொடங்கிய பாலிமர் செயற்கைக்கோள் சேனலானபோது நமக்கெல்லாம் உள்ளூரப் பெருமை. மேலே போனதும் அதில் தமிழ் பேசும் இந்தித் தொடர்கள் வரிசைகட்டின. தறிக்காரரும் லாரி டிரைவரும் கோழிப்பண்ணைக் கூலியும் தமிழகம் தழுவிய விளம்பரச் சந்தைக்கு எதற்கு? நாமோ சீரியலைப் 'பிரதி'யாக வாசித்துக்கொண்டிருந்தோம். கேபிள்காரர் கொடுத்த ரசீதை வாசிக்கவில்லை.

இடையில் அரசும் வந்தது. மாறன் குடும்பத்தின் சுமங்கலி கேபிள் கோலோச்சிய காலத்தில், கருணாநிதி குடும்பத்தில் பிளவு ஏற்பட்ட 2007இல், அரசு கேபிள் நிறுவனம் பிறந்தது. முடங்கிக் கிடந்ததை 2011 செப்டம்பரில் ஜெயலலிதா எழுப்பினார். மாதம் 70 ரூபாய். எங்கள் வீட்டிலும் சந்தோஷந்தான், பொய் சொல்வானேன். மாநில அரசுகள் இந்தத் தொழிலில் இறங்கக்கூடாதென்று டிராய் 2008லேயே பரிந்துரைத்திருந்தது. ஆளுங்கட்சியின் கையில் கம்பி இருந்தால் எந்தச் சேனல் வீடு வந்து சேரும் என்பதும் அந்தக் கையில்தானே. குடும்பத்திடமிருந்து கோட்டைக்குக் கைமாறிய அந்தக் கம்பியில், பணம் கட்டியவருக்கு எந்தக் கட்டத்திலும் ஒரு ஓட்டுக்கூட இருந்ததில்லை.

இதே சேலத்தில் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களுக்கு சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் 1981லேயே வந்துவிட்டது. நெசவாளருக்குச் சங்கம் உண்டு, பால் ஊற்றுகிறவருக்கும் உண்டு. பார்க்கிறவர்களே பங்குதாரராகும் ஒரு சேனலை மட்டும், தெருவுக்குத் தெரு கூட்டம் போட்ட நாம்கூட ஏன் கேட்கவில்லை?