சீற்றைத் தூக்கிப் பாருங்கள்

ஏசியைப் போட்டால் வான் உதறுகிறது என்று கொண்டுபோனால், ஸ்குரூ டிரைவரை எடுத்து ஸ்லோவை, அதாவது வான் நிற்கையில் எஞ்சின் சுற்றும் வேகத்தை, கூட்டிவிட்டு "சரி, கொண்டுபோங்கோ" என்று அனுப்புகிற கராஜ்கள் இப்போது ஏ9 வீதி நெடுகப் பெருகிவிட்டன. உதறல் நின்றுவிடும், உண்மைதான். வெயிலில் வந்தவருக்கு அதுவே பெரிய ஆறுதல். ஆனால் அந்த உதறல் எஞ்சினுக்குள் எங்கோ இருக்கிற ஒரு குறையைச் சொல்ல வந்தது. என்ன குறை என்று கேட்காமலே அதன் வாயை அடைத்து அனுப்புவதை என்னால் கைவேலை என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கம்பிரெசர் கிளச் 'டக்' என்று பிடிக்கிற நொடியும் அதற்கடுத்த அரை நொடியும் எனக்கு மிகவும் பிடித்தவை. ஓடிக்கொண்டிருக்கும்போது ஏசியின் பாரம் எஞ்சினுக்கு ஒரு பொருட்டல்ல. நின்று சுற்றும்போதுதான் அதனிடம் மிச்சச் சக்தி இல்லை. அந்த நேரம் பார்த்துப் பாரம் ஏறினால் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்: இளகின எஞ்சின் மவுண்டின், களைத்த பிளக், கரி பிடித்த த்ரொட்டில், வெடித்த றப்பர்க் குழாய், புழுதி அடைத்த கொண்டென்சர். நல்ல எஞ்சின் அந்த அரை நொடியில் மெல்லத் தாழ்ந்து, உடனே எழும்பி, முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலான வேகத்தில் நிலைத்துக்கொள்ளும். சுருதி கலையாது.

இதைக் கேட்க ஏ9இல் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியைவிட நல்ல இடம் இல்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் வன்னியைக் கடக்கிற சாரதியைக் காண்பது அரிது. எல்லாரும் நிற்பார்கள். சனம் இறங்கிக் கும்பிட்டுக் கச்சான் வாங்கும். பின்சீற்றில் குழந்தையோ வயதானவரோ நித்திரையாக இருப்பதால் எஞ்சினும் ஏசியும் ஓடிக்கொண்டே இருக்கும். காண்டாவன வெயிலில், கொதிக்கிற தார் மேல், காற்றோட்டம் இல்லாமல் நிற்கிற அத்தனை வாகனங்களும் தங்கள் வண்டவாளத்தைத் தாங்களே சொல்லும். நம்பர் பிளேட் கிடுகிடுவென்று அடிக்கிறதா, கண்ணாடி மட்டும் நடுங்குகிறதா, கிளச் விட்டுவிட்டுப் பிடிக்கிறதா என்று நடந்துகொண்டே பார்க்கலாம். வேகம் ஆடாமல் உடம்பு மட்டும் நடுங்கினால் மவுண்டின். வேகமே ஏறி இறங்கினால் காற்று வழியில் பிழை. தாளம் தவறி ஒன்று விடுபட்டு விடுபட்டு வந்தால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. கிளச் அடிக்கடி விட்டுப் பிடித்தால் பெரும்பாலும் காஸ் குறைவு.

இந்த வரிசையில் டொல்பின் ஹைஏஸ் வான் வந்து நின்றால் நான் மற்றதையெல்லாம் விட்டுவிடுவேன்.

அதன் '3எல்' டீசல் எஞ்சின், 2,779 சிசி, முன்சீற்றுக்குக் கீழே இருக்கிறது. சீற்றைத் தூக்கினால் வெக்கை முகத்தில் அடிக்கும். அது அடங்க ஒரு நிமிடம் பொறுத்து, டீசல் பம்பின் பக்கம் குனிந்து பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற வட்டமான தகரக் கிண்ணம் ஒன்று தெரியும். அதிலிருந்து ஒரு சின்னக் கம்பி பம்பின் லீவருக்குப் போகும். அதுதான் ஐடில்-அப். ஏசி சுவிட்சைப் போட்டதும் சொலனோயிட் 'வாக்கும்' (வெற்றிட உறிஞ்சல்) வழியைத் திறக்கும். கிண்ணத்துக்குள் இருக்கிற றப்பர் டயபிரம் உள்ளே இழுபடும். கம்பி லீவரைச் சில மில்லிமீற்றர் இழுக்கும். நிமிடத்துக்கு 750 சுற்றை அண்டி நின்ற எஞ்சின் 900ஐத் தொட்டு நிற்கும். கம்பிரெசரின் பாரம் வருமுன்னரே எஞ்சினுக்குத் தோள் கொடுத்துவிடுகிற ஏற்பாடு இது. இன்றைய கார்களில் இதே வேலையைக் கணினி செய்கிறது, இன்னும் நுட்பமாகவும் செய்கிறது. ஆனால் கம்பி நகர்வதைக் கண்ணால் கண்டு, எஞ்சின் எழும்புவதைக் காதால் கேட்கிற இன்பம் அதில் கிடைக்காது. முன்னுக்கும் பின்னுக்கும் ஏசி பொருத்தின டொல்பினில் இரண்டையும் போட்டும் ஸ்லோ அசையாமல் நின்றால், அந்த வானை வைத்திருப்பவரை எனக்குப் பார்த்த உடனேயே பிடித்துவிடும்.

அந்த வாக்கும் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் முழு அழகும் இருக்கிறது. பெற்றோல் எஞ்சினுக்கு இருப்பது போல டீசலுக்கு உறிஞ்சும் வழியில் போதிய வாக்கும் கிடையாது. அதனால் ஆல்டனேற்றரின் பின்புறத்தில் ஒரு வாக்கும் பம்பை வைத்திருக்கிறார்கள். பிரேக் பூஸ்டருக்கும் வாக்கும் கொடுப்பது அதே பம்ப்தான்.

பரந்தன் பக்கம் கராஜ் வைத்திருந்த ஒரு அண்ணையிடம் இதற்காகவே போய் உட்கார்ந்திருப்பேன். ஏசி போட்டால் டொல்பின் உதறுகிறது என்று யாராவது சொன்னால், அவர் எஞ்சினைத் தொடமாட்டார். முதற்கேள்வி இதுதான்: "பிரேக் இறுகுதோ?" ஓம் என்றால் பார்வை நேரே ஆல்டனேற்றருக்குப் போகும், பம்ப் களைத்துவிட்டது. இல்லை என்றால் பம்ப் நல்லது, பிழை கிண்ணத்துக்குப் போகிற வழியில். ஒரு கேள்வியில் பாதி எஞ்சினைக் கழித்துவிடுவார். பிறகு கிண்ணத்தின் குழாயைக் கழற்றி வேலை பழகுகிற பெடியனிடம் நீட்டுவார். "உறிஞ்சிப்போட்டு நாக்கால அடை தம்பி." பெடியன் அடைத்துக்கொண்டு நிற்க, இவர் கம்பியைப் பார்ப்பார். இழுபட்ட கம்பி அப்படியே நின்றால் டயபிரம் நல்லது. மெல்லத் திரும்பினால் கிழிந்துவிட்டது. பெரும்பாலும் பிழை பம்பிலும் இல்லை, டயபிரமிலும் இல்லை. சொலனோயிட்டுக்குப் போகிற றப்பர்க் குழாயின் நுனி வெக்கையில் காய்ந்து வெடித்திருக்கும். நுனியை ஒரு விரலளவு வெட்டி எறிந்துவிட்டுத் திரும்பச் செருகுவார். "இப்ப போடு ஏசியை." டக். கம்பி இழுக்கும். ஸ்லோ எழும்பும். அவர் தலையைத் தூக்கிப் பார்க்கமாட்டார், உள்ளங்கையை எஞ்சின் மூடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டே இருப்பார்.

அவருக்கு அந்தக் காது வந்தது ஏசியால் அல்ல. 1990இல் போரால் வன்னிக்கு மின்சாரமும் பெற்றோலும் நின்ற பிறகு, சூப்பிப் போத்தலில் இருந்து ரெண்டு சொட்டுப் பெற்றோலைக் காபிரேற்றருக்குள் பீச்சி ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டிய காலத்தில் வந்தது. மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. பிளக்கில் கரி ஏறும், பாரம் ஏறினால் எஞ்சின் இடிக்கும். எந்த சிலிண்டர் எப்போது விடும் என்று காதால் அறிந்து வைத்திருக்கவேண்டும், வழியில் நின்றால் மாற்றப் புதுப் பிளக்கும் இல்லை. பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்களில் பயின்ற அந்தக் காதோடுதான், 2002இல் ஏ9 திறந்து கொழும்பிலிருந்து ஏசி வான்கள் வரத்தொடங்கியபோது அவர் ஐடில்-அப்பை முதலில் பார்த்தார். பார்த்துப் படித்தார். புத்தகமும் வகுப்பும் அவருக்குக் கிடைக்கவில்லை.

கொரோலா 110 வந்தாலும் அவர் முறை அதேதான். ஏசியைப் போட்டுவிட்டு, இறுகப் பிடித்த றப்பர்க் கைப்பிடிக் குறட்டால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவார். எதைக் கழற்றினால் ஸ்லோ விழவில்லையோ அந்த சிலிண்டர்தான் குற்றவாளி. ஏசி போடாமல் இதைச் செய்தால் வித்தியாசம் மங்கலாகத்தான் தெரியும். பாரத்தோடு செய்தால் பளிச்சென்று தெரியும். நிற்கும்போது மட்டும் எஞ்சின் முனகிக் குளிரும் குறைந்தால், கொப்பித்தாள் ஒன்றைக் கிழித்து முன் கிறில்லில் வைப்பார். விசிறி நன்றாக இழுத்தால் தாள் ஒட்டிக்கொள்ளும். கீழே விழுந்தால் விசிறி ஓடவில்லை, அல்லது கச்சான் காற்றில் வந்த கிரவல் புழுதி கொண்டென்சரை அடைத்துவிட்டது. வெக்கை வெளியேறாவிட்டால் காஸின் அழுத்தம் ஏறும், கம்பிரெசர் கனக்கும், அந்தக் கனம் எஞ்சினின் தலையில் விழும். வன்னி வாகனங்களுக்குப் பாதி ஏசிச் சிகிச்சை, தண்ணீரை மெதுவாக அடித்துக் கொண்டென்சரைக் கழுவுவதுதான்.

வவுனியாவில் என் நண்பர்கள் சிலர் நிசான் சன்னிக்காரர். சன்னியின் ஸ்லோவைப்போல வராது என்பார்கள். அவர்கள் ருசியை நான் மதிக்கிறேன். ஆனால் ஜிஏ15 எஞ்சின் சங்கிலியில் ஓடுவது. அந்தச் சங்கிலியின் ஓசை எப்போதும் கீழே ஓடிக்கொண்டிருக்கும். கொரோலா 110இன் 5ஏ எஞ்சின் பெல்ட்டில் ஓடுவதால் ஒன்றும் மறைக்காது, சின்னக் குறையும் கேட்கும். எனக்கு அந்த வெளிப்படைதான் வேண்டும். வாகன்-ஆர் வைத்திருக்கும் இளையவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும்: 658 சிசி, மூன்று சிலிண்டர், ஏசி போட்டால் கொஞ்சம் ஆடும், அது இயல்பு. அதை நோய் என்று நினைத்து மவுண்டின்களை மாற்றிக் காசைக் கரைக்கவேண்டாம். ஆட்டம் முன்பைவிடக் கூடியிருந்தால் மட்டும் பாருங்கள். அக்வா போன்ற ஹைபிரிட்களில் கம்பிரெசர் மின்சாரத்தில் ஓடுகிறது. பாரம் எஞ்சினுக்கு நேரே போவதே இல்லை. வசதி என்றால் வசதிதான், கேட்க மட்டும் ஒன்றுமில்லை.

ஸ்கானருக்கு நான் எதிரி இல்லை. புதிய வாகனங்களுக்கு அது வேண்டும். ஆனால் கோட் ஒன்றும் வரவில்லை, ஆகவே பிழை இல்லை என்று திருப்பி அனுப்புகிற பழக்கம் வேதனை தருகிறது. இளகின மவுண்டினுக்குக் கோட் வராது, புழுதி அடைத்த கொண்டென்சருக்கும் வராது. கோட் வந்துவிட்டாலோ, அது காட்டுகிற பக்கத்தில் இருக்கிற சாமான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றிக்கொண்டே போகிறார்கள். காஸ் அடிப்பதிலும் அப்படித்தான். நிறை பார்த்து அடிக்கவேண்டிய 134ஏ காஸைக் குழாயைத் தொட்டுப் பார்த்து அடிக்கிறார்கள். கூடிப்போன காஸ் அழுத்தத்தை ஏற்றி, இல்லாத உதறலை உண்டாக்குகிறது. அந்த உதறலுக்கும் ஸ்லோதான் கூட்டப்படுகிறது.

எல்லாவற்றிலும் மோசம் டொல்பினுக்கு நடப்பது. பல வான்களில் சீற்றைத் தூக்கினால் ஐடில்-அப் கிண்ணமே இல்லை. குழாய் வெடித்ததும் கிண்ணத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, லீவரைக் கம்பியால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அப்போதிருந்து அந்த எஞ்சின் ஏசி போட்டாலும் போடாவிட்டாலும் கூடின வேகத்திலேயே நிற்கும். டீசல் வீணாகும், ஓட்டோ கியர் என்றால் பிரேக்கை விட்டதும் முன்னுக்குப் பாயும், பம்பில் உண்மையான பிழை இருந்தாலும் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் போவது பிரேக்குக்கு வாக்கும் கொடுக்கிற அதே பம்பின் பிழை என்பதை நினைத்தால் பயமாக இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுத் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கலியாண வீட்டுச் சனத்தையும் ஏற்றி இறக்கியவை இந்தப் பழைய வான்கள்தான். இன்றும் அவைதான் ஓடுகின்றன.

டொல்பின் வைத்திருப்பவர்களே, ஸ்லோ ஸ்குரூவில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். சீற்றைத் தூக்கி, ஏசியைப் போடச் சொல்லி, அந்தக் கம்பி நகர்கிறதா என்று நீங்களே பாருங்கள். நகராமலும் பிரேக் இறுகாமலும் இருந்தால் முதலில் மாற்றவேண்டியது ஒரு முழம் றப்பர்க் குழாய். அதையும் பாராமல் பம்ப் போய்விட்டது என்று சொல்கிற இடத்தில் வானை விடவேண்டாம்.