முனை இல்லாத ரொட்டி

சமையற் குறிப்பையும் விமரிசனம் செய்யலாம் என்பது என் அபிப்பிராயம். அதுவும் எழுத்துத்தானே? எதை விரித்துச் சொல்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று பார்த்தால் எழுதியவரின் மனசு தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் 'போ பாய்' என்று ஒரு ஸாண்ட்விச் பிரசித்தம். 'புவர் பாய்' என்பதன் கொச்சை அது. ஏழைப் பையன் என்று அர்த்தம். பொரித்த இறால் வைத்தது எனக்கு இஷ்டம். வீட்டில் செய்து பார்க்க ஐந்தாறு குறிப்புகளைப் படித்தேன். எல்லாவற்றிலும் இறாலுக்கு ஒரு பக்கம். ரொட்டிக்கு ஒரே வரி. 'நீள ரொட்டி ஒன்று' என்பதோடு சரி.

என் வழக்கு அந்த ஒரு வரியோடுதான்.

பென்னி, குளோவிஸ் என்ற மார்ட்டின் சகோதரர்கள் 1922இல் அந்த ஊர் பிரெஞ்சு மார்க்கெட்டில் காப்பிக் கடை வைத்தார்கள். அதற்கு முன் இருவரும் டிராம் கண்டக்டர்கள். 1929 ஜூலையில் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, பழைய சகாக்களுக்கு இலவசமாகவே சாப்பாடு போட்டார்கள். ஒருவன் கடையை நோக்கி வருவது தெரிந்ததும், இன்னோர் ஏழைப் பையன் வருகிறான் என்று உள்ளே குரல் போகுமாம். பெயர் அப்படித்தான் வந்தது என்று பென்னி பிற்பாடு சொன்னார்.

பொரித்த சிப்பியை ரொட்டிக்குள் வைத்துத் தின்னும் வழக்கம் அங்கே அதற்கு முன்பே உண்டு. நேரங்கழித்து வீடு திரும்பும் கணவன் மனைவியின் கோபத்தைத் தணிக்க வாங்கிப் போவானாம். ஆகவே, மார்ட்டின்கள் கடையில் புதிதாக இருந்தது உள்ளே வைத்த பண்டமல்ல, ரொட்டிதான்.

பழைய பிரெஞ்சு ரொட்டி இரண்டு பக்கமும் கூம்பியிருக்கும். நடுத்துண்டு கிடைத்தவன் பாக்கியசாலி, முனைத்துண்டு வீண். ஜான் ஜெண்டூஸா என்ற ரொட்டிக்காரரோடு சேர்ந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே அகலமாய், 40 அங்குல நீளத்தில் ஒரு ரொட்டியை உண்டாக்கினார்கள். வீண் குறையட்டும் என்ற கடைக்காரக் கணக்கும் இதில் இருக்கலாம், இருக்கட்டுமே! வரிசையில் கடைசியாக நிற்பவனுக்கும் அதே அளவுத் துண்டு கிடைத்ததல்லவா?

இறால் சமாசாரம் சுலபம். உரித்து, குடல் நீக்கி, அரைமணி மோரில் ஊறவைக்க வேண்டும். உப்பு, மிளகு, மிளகாய்த் தூள் கலந்த மைதாவிலும் மக்காச்சோள மாவிலும் புரட்டி, 180 டிகிரி சூட்டு எண்ணெயில் இரண்டு மூன்று நிமிஷம் பொரித்தால் போதும். ரொட்டியில் மயோனீஸ் தடவி, லெட்யூஸ் இலை, தக்காளி, வெள்ளரி ஊறுகாய் வைப்பார்கள். இதிலெல்லாம் குறிப்புகள் மேல் குற்றமில்லை.

முதல் தடவை நம் பேக்கரியின் இனிப்பு ரொட்டியில் செய்தேன். இறாலின் மொறுமொறுப்பு மெத்தையில் அமுங்கிப்போயிற்று. மேலே மெல்லிய மொறுமொறுப்பும் உள்ளே பஞ்சும் வேண்டும் என்று எந்தக் குறிப்பாவது சொல்லியிருக்கலாம். புத்தகப் படத்தில் இருந்ததுபோல் இறாலை நடுவில் குவித்திருந்தேன். நறுக்கிப் பரிமாறியபோது, இறால் எட்டாத கோடித்துண்டை என் மனைவி சத்தமில்லாமல் தன் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக அப்படித்தான் செய்துவந்திருக்கிறாள். நான் அன்றுதான் பார்த்தேன்.

மறுமுறை பிரெஞ்சு ரொட்டி வாங்கி, இரு முனைகளையும் முதலிலேயே வெட்டி எடுத்துவிட்டு, அடுப்பில் சற்றுச் சூடாக்கி, இறாலைக் கோடிவரை சமமாகப் பரப்பினேன். படம் பிடிக்க லாயக்கில்லை. ஆனால் நாலு துண்டும் ஒன்றுபோல் இருந்தன.

ஏழைப் பையன் பெயரைச் சூட்டிவிட்டு, நடுவில் குவித்துக் கோடியில் வெறும் ரொட்டியை விடச் சொல்லும் குறிப்பை நல்ல எழுத்து என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கோடித்துண்டு வீட்டில் யாருக்குப் போகிறது என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.