சீட்டும் சாவியும்

மாத்யூ டெஸ்மாண்டின் 'எவிக்டட்' 2016ல் வெளிவந்து, மறு வருஷமே புலிட்சர் பரிசு பெற்றது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் வாடகையோடு மல்லாடும் எட்டுக் குடும்பங்களின் கதை. ஆராய்ச்சி நூல்தான், ஆனால் கதையை நடத்திச் செல்லும்போது ஆசிரியர் 'நான்' என்று தலைகாட்டுவதே இல்லை. மனிதர்களைப் பேசவிட்டுத் தாம் ஒதுங்கி நிற்கிறார். நாவல் எழுதுகிற எங்களில் பலருக்கு இந்த அடக்கம் கைவருவதில்லை.

அர்லீன் என்ற தாயை மறக்க முடியாது. மாதம் 628 டாலர் உதவிப்பணம். அதில் 550 டாலர் வாடகைக்கே போய்விடுகிறது. வெளியேற்றப்பட்ட பிறகு, இரண்டு பிள்ளைகளோடு வீடு தேடுகிறாள். எண்பத்தொன்பது வீட்டுக்காரர்கள் கைவிரிக்கிறார்கள். தொண்ணூறாவது ஆள்தான் சரி என்கிறார்.

இதற்கெல்லாம் டெஸ்மாண்ட் சொல்லும் பரிகாரம், ஏழைகள் அனைவருக்கும் வாடகை வவுச்சர். 1974ஆம் வருஷச் சட்டத்திலிருந்து கிளைத்த ஏற்பாடு இது: குடும்பம் தன் வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவிகிதம் கொடுக்கும், மிச்சத்தைச் சர்க்கார் வீட்டுக்காரருக்குக் கட்டும். உதவி பெறத் தகுதியுள்ளவர்களில் நாலில் ஒருவருக்குத்தான் இன்று அது கிட்டுகிறது.

இங்கேதான் எனக்கு ஆசிரியரோடு வழக்கு. வவுச்சர் கைக்கு வந்த நாளிலிருந்து கெடு ஓடத் தொடங்குகிறது. குறைந்தபட்சம் 60 நாள் தருவார்கள்; நீட்டிப்பது அதிகாரிகள் மனம் வைத்தால்தான். அதற்குள் வீடு அகப்பட வேண்டும், வாடகை வரம்புக்குள் இருக்க வேண்டும், பரிசோதனையில் தேற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். இல்லாவிட்டால் சீட்டு வெறும் காகிதம். அர்லீனை மறுத்தவர்கள் பணத்தை மட்டுமா பார்த்தார்கள்? குழந்தைகளும் பழைய வெளியேற்ற வழக்கும் குறுக்கே நின்றன. அவள் கையில் வவுச்சர் இருந்திருந்தால் இன்னொரு காரணம் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

பாரபட்சத்தைச் சட்டம் தடுக்க வேண்டும் என்று அவரும் எழுதத்தான் செய்கிறார். ஆனால் அதைச் சில வரிகளில் தாண்டிவிடுகிறார். அர்பன் இன்ஸ்டிட்யூட் 2018ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். தடைச் சட்டம் இல்லாத ஃபோர்ட் வொர்த்தில் வவுச்சரை மறுத்தவர்கள் 78 சதவிகிதம். சட்டம் இருந்த வாஷிங்டனில் 15தான். சட்டத்துக்குப் பலன் உண்டு என்றே நினைப்போம். ஆனால் பிலடெல்பியாவிலும் அந்தச் சட்டம் இருந்தது, அங்கே 67! சட்டத்தை எழுதி வைத்தால் மட்டும் போதாது. மறுத்தவரைக் கேள்வி கேட்க ஒருவர் வேண்டும்.

ஏற்றுக்கொள்கிறவர்களோ, மில்வாக்கியில் அதே தரத்து வீட்டுக்குச் சராசரி 55 டாலர் கூடுதலாக வாங்கினார்கள் என்று புத்தகமே சொல்கிறது. சர்க்கார் பணம்தானே!

மனிதர்களை இவ்வளவு கூர்ந்து பார்த்த கண், பரிகாரத்தைச் சொல்லும்போது மட்டும் கணக்கேட்டின் பக்கம் திரும்பிவிட்டது. தொண்ணூறு வீட்டுக்காரர்களை நமக்குக் காட்டியவர், கடைசியில் அவர்களையே மறந்துவிட்டார். ஆனாலும் படிக்க வேண்டிய புத்தகம். அவரோடு வாதாட எனக்குக் கிடைத்த சாட்சியில் பாதி அவர் கொடுத்ததுதான்.