உடன்கட்டை ஏறும் லைசென்ஸ்

அறந்தாங்கியில் என் நண்பர் ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஜெராக்ஸ் என்பது போர்டில்தான். பட்டா மாறுதல் மனு, பரீட்சை அப்ளிகேஷன், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் என்று கடையே கம்ப்யூட்டரை நம்பித்தான் ஓடுகிறது. திடீரென்று ஒருநாள் அவருடைய லேப்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது. பரணில் ஒரு பழைய டெஸ்க்டாப், தூசியோடு. எனக்கு போன் போட்டார்.

‘‘ஏம்ப்பா, லேப்டாப்தானே செத்துச்சு? அதுல இருந்த விண்டோஸுக்கும் சேர்த்துத்தானே காசு குடுத்தேன்? அதைத் தூக்கி இந்தப் பழசுல போட்டுக்கலாமா?’’

நான் பி.காம். கம்ப்யூட்டருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒப்பந்தம் படிக்கத் தெரியும். நாம் எல்லோரும் படிக்காமலே ‘சம்மதம்’ என்று தட்டிவிடுகிற விண்டோஸ் ஒப்பந்தத்தை உட்கார்ந்து படித்தேன்.

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள்: இது விற்பனை இல்லை, உபயோகிக்க அனுமதி மட்டும்தான். தனியாக வாங்கிய விண்டோஸ் என்றால் ஒன்றிலிருந்து எடுத்துவிட்டு உங்களுடைய இன்னொரு கம்ப்யூட்டரில் போடலாம். மெஷினோடு சேர்ந்து வந்ததா? மெஷினோடுதான் போக வேண்டும். சதியை 1829-லேயே தடை செய்துவிட்டார்கள். லைசென்ஸ் மட்டும் இன்னும் உடன்கட்டை ஏறுகிறது!

‘கம்ப்யூட்டர் கம்பெனிக்கு மொத்தமாக, மலிவாகத் தருகிறோம், அதனால்தான் இந்த நிபந்தனை’ என்பது அவர்கள் வாதம். புது பைக்கோடு வரும் டயரும் மொத்த விலையில் வாங்கியதுதான். பைக் நொறுங்கிப்போனால் அந்த டயரைக் கழற்றிப் பழைய பைக்கில் மாட்டுகிறோம். டயர் கம்பெனி வந்து கேட்கிறதா?

வேடிக்கை என்னவென்றால், வரி என்று வரும்போது மட்டும் சாஃப்ட்வேர் சரக்காகிவிடும். சி.டி.யில் போட்டு விற்கும் சாஃப்ட்வேர் ‘சரக்கு’தான், விற்பனை வரி உண்டு என்று டி.சி.எஸ். வழக்கில் 2004-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2021-ல் வருமான வரி வழக்கு ஒன்றிலும், இப்படி லைசென்ஸ் போட்டுத் தருவது காப்புரிமையைத் தருவதாகாது, சரக்கு விற்பனைதான் என்றது. வரி கட்ட சரக்கு. இடம் மாற்ற மட்டும் அனுமதிச் சீட்டா?

ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2000-லேயே, மெஷினோடு தருவதற்கான விண்டோஸைத் தனியாக விற்றதைத் தடுக்க முடியாது என்று மைக்ரோசாஃப்டிடம் சொல்லிவிட்டது. முதல் விற்பனையோடு உன் பிடி முடிந்தது என்பதுதான் சாரம். 2012-ல் ஆரக்கிள் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றமும் இதே வழியில் போனது. ஆனால் ஒரு நிபந்தனை: விற்றவன் தன்னிடம் இருக்கும் பிரதியை உபயோகிக்க முடியாதபடி செய்துவிட வேண்டும். நியாயம். ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர் சினிமா பார்க்கக் கூடாது. ஆனால் ஒருவர் சீட் மாறி உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும்?

நண்பரிடம் லோக்கல் பையன் ஒருவன், ‘‘அண்ணே, முந்நூறு ரூவா குடுங்க, கிராக் போட்டுத் தர்றேன்’’ என்றிருக்கிறான். வியாபாரத்தில் திருட்டு காப்பி என்று தெரிந்தே உபயோகித்தால் காப்புரிமைச் சட்டம் 63பி பிரிவு இருக்கிறது. ஏழு நாள் முதல் மூன்று வருடம் வரை ஜெயில், குறைந்தது ஐம்பதாயிரம் அபராதம். காசு கொடுத்தவனுக்கு வாசலைச் சாத்திவிட்டால் அவன் கொல்லைப்புறம்தானே பார்ப்பான்? இந்த ஒப்பந்தத்தின் மேல் என் பெரிய புகார் இதுதான். நாணயமானவனைத் திருட்டுப் பக்கம் தள்ளுகிறது.

நல்லவேளை, நண்பர் பயந்த சுபாவம். விண்டோஸ் 11-ஐ அந்தப் பழசு தாங்காது. விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான பராமரிப்பு முடிந்துவிட்டது. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுக்கொண்டார். எத்தனை மெஷினில் வேண்டுமானாலும் போடலாம், ஒரு ஈ காக்கா கேட்காது. ஒரு வாரம் முனகினார். இப்போது பட்டா மனு பழையபடி பிரிண்ட் ஆகிறது.

ஆனாலும் செத்த லேப்டாப்பை அவர் இன்னும் எடைக்குப் போடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

‘‘உள்ளே நான் காசு குடுத்த விண்டோஸ் இருக்குப்பா. அதை எப்படித் தூக்கிப் போடுறது?’’