ஆங்கிலத்தில் 'ஹாவ்': பயிற்சி நூல் விதியும் உலக வழக்கும்

ஆங்கில இலக்கணப் பயிற்சி நூல்கள் பலவற்றில் பிறவினை என்னும் தலைப்பின்கீழ் ஒரு வாய்பாடு கற்பிக்கப்படுகின்றது. 'ஹாவ்' என்னும் வினை முன்னும், செயப்படுபொருள் இடையும், இறந்தகால எச்சம் இறுதியுமாக நிற்பது அது. 'ஐ ஹாட் மை ஹவுஸ் பில்ற்' என்பது எடுத்துக்காட்டு. தான் செய்யாது பிறரைக் கொண்டு செய்வித்தலை இவ்வாய்பாடு உணர்த்தும் என்பது விதி. அதன்பின், 'கட்டினேன்' என்று வரும் வாக்கியங்களைக் 'கட்டுவித்தேன்' என மாற்றுமாறு ஒரு பயிற்சி. இவ்விதி பொய்யன்று, ஆயின் பாதி உண்மையே. பாதி உண்மையை முழு விதியாகக் கொண்டு சிவப்பு மை தொடுபவன் பிழையற்ற வாக்கியத்தையும் பிழையென வெட்டிவிடுவான். யானும் பல்லாண்டு அவ்வாறு வெட்டியவனே.

'எங்கள் வீடு' என்ற கட்டுரையில் மாணவனொருவன், தன் தந்தையார் அவ்வீட்டைக் கட்டினார் எனப் பொருள்பட 'மை ஃபாதர் பில்ற் திஸ் ஹவுஸ்' என்று எழுதியிருந்தான். தந்தையார் எழுதுவினைஞர், மேசனல்லர். ஆகவே 'ஹாட்' இட்டுத் திருத்தி, அரைப் புள்ளியும் குறைத்தேன். மறுநாள் அவன் எழுந்து, "ஷாஜகான் தாஜ்மகாலைக் கட்டினான் என்றுதானே சரித்திர நூல் சொல்கிறது, சேர்? அவன் கல் சுமந்தானா?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. எனக்கு உடனே விடை வரவில்லை.

அவன் கேள்வி நியாயமானது. 1632 அளவில் தொடங்கிய தாஜ்மகாலை ஷாஜகான் 'கட்டினான்' என்றே ஆங்கிலேயரும் எழுதுவர். 1675 இல் தொடங்கி 1711 இல் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்ட இலண்டன் சென் போல் பேராலயத்தைக் கிறிஸ்ரோபர் றென் 'கட்டினார்' என்பர். அவரோ வரைபடம் வகுத்தவர். கல்லடுக்கிய கொத்தனும் 'கட்டினான்'தான். ஏவியவன், வகுத்தவன், கைத்தொழில் புரிந்தவன் ஆகிய மூவர்க்கும் ஒரே வினை. இது நமக்குப் புதிதன்று. நன்னூலின் மூன்றாம் வேற்றுமைப் பகுதிக்கு உரை வகுத்தோர் கருத்தாவை ஏவுதற்கருத்தா, இயற்றுதற்கருத்தா என இரண்டாகப் பகுத்தனர். கோயில் கட்டினான் என்பது அரசனுக்கும் பொருந்தும், தச்சனுக்கும் பொருந்தும் என்பதே அவர் காட்டும் வழக்கு. தமிழ் மாணவன் தன் மொழியின் இயல்பை ஆங்கிலத்தில் ஏற்றிவிட்டான் என்று நாம் குற்றங் கூறும் இவ்விடத்தில், ஆங்கிலத்தின் இயல்பும் அதுவே.

அப்படியாயின் 'ஹாவ்' எப்பொழுது இன்றியமையாதது? ஒருவன் தன் கையாலும் செய்திருக்கக்கூடும் என்று கேட்போன் மயங்குமிடத்தில் என்பது என் துணிபு. எழுதுவினைஞர் வீடு கட்டினார் என்றால் அவர் சாந்து குழைத்தார் என்று எவரும் கருதார். ஆனால் 'சட்டை தைத்தேன்', 'பல்லைப் பிடுங்கினேன்' என்பவற்றைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால், பேசுபவர் ஊசியும் குறடுமாக நம் கண்முன் தோன்றுவார். அங்கே 'ஹாவ்' வேண்டும். தலைமயிர் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. 'தலைமயிர் வெட்டினேன்' என்பதற்கு நேரான ஆங்கிலம் தானே கத்தரித்தமையைக் குறிக்கும் என்பது பொதுவாகச் சரியே. எனினும், முடி குறைத்து வந்த தோழியைக் கண்டு 'வெட்டிவிட்டாயே!' என்று வியக்கும் ஆங்கிலேயப் பெண் அங்கே 'ஹாட்' தேடுவதில்லை.

இனி, பயிற்சி நூல்கள் பெரும்பாலும் வாளாவிடும் மற்றப் பாதிக்கு வருவோம். சார்ள்ஸ் டிக்கின்ஸ் 1849-50 இல் பகுதி பகுதியாக வெளியிட்ட 'டேவிட் கொப்பர்பீல்ட்' நாவலில் மிஸ்ரர் டிக் என்றொரு பேதை உள்ளம் படைத்தவர் வருகிறார். முதலாம் சார்ள்ஸ் மன்னனின் தலை வெட்டுண்ட ஆண்டு எது என்று அவர் சிறுவன் டேவிட்டை வினவுகிறார். 1649 என்று விடை பெறும் அக்கேள்வி அமைந்திருப்பது இதே 'ஹாட்' வாய்பாட்டில்! விதியை மனனம் செய்த மாணவன் இங்கே என்ன கொள்வான்? மன்னன் ஆளமர்த்தித் தன் தலையை வெட்டுவித்தான் என்றல்லவா கொள்ள வேண்டும்? உண்மையில் எழுவாய் இங்கே ஏவியவனல்லன், இழந்தவன்.

இழந்தவனை எழுவாயாக்கும் வழக்குத் தமிழிலும் உண்டு. 'காசைக் களவு கொடுத்தான்', 'மகனைப் பறிகொடுத்தாள்' என்கிறோம். அவள் விரும்பிக் கொடுத்தாள் என்று எவரேனும் கருதுவரோ? சந்தைக்கூட்டத்தில் பணப்பை பறிபோன ஒருவனை ஆங்கிலம் 'ஹாட்' கொண்டு சொல்லும். தமிழ் 'கொடு' கொண்டு சொல்லும். உடைமைக்குரிய சொல்லை ஒன்றும், ஈகைக்குரிய சொல்லை மற்றொன்றும் இழப்பைக் கூறுதற்கு எடுத்துக்கொண்டமை வியப்பிற்குரியது. இவ்வொப்புமையைக் காட்டிய வகுப்பில் 'ஹாவ்' வாய்பாட்டின் இவ்விரண்டாம் பயனை விளக்க எனக்கு ஐந்து நிமிடமே போதியதாயிற்று.

இரண்டு பயனுக்கும் வேர் ஒன்றே. 'ஹாவ்' என்பதன் அடிப்பொருள் உடைமை. பழைய ஆங்கிலத்தில் இவ்வமைப்பு, ஒரு பொருளைச் செய்து முடிந்த நிலையில் உடையனாதலைக் குறித்தது. அதிலிருந்தே காலப்போக்கில் முற்றுக்காலங்களும் கிளைத்தன. இன்று 'ஐ ஹாட் றிற்றன் த லெற்றர்' என்றால் நானே எழுதியிருந்தேன். 'ஐ ஹாட் த லெற்றர் றிற்றன்' என்றால் பெரும்பாலும் பிறர் எழுதினர். சொற்கள் அவையே, இடம் மட்டும் மாறிற்று. சொற்களை முன்பின்னாக வைத்தாலும் வேற்றுமையுருபால் பொருள் காக்கும் மொழியில் வளர்ந்த நம் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். சிவப்பு மை செலவாக வேண்டிய இடமும் இதுவே.

செய்வித்தலா இழத்தலா என்பதை வாய்பாடு சொல்லாது, சூழலே சொல்லும். நோம் சோம்ஸ்கி 1965 இல் வெளியிட்ட தொடரியல் நூலில், புத்தகக் களவு பற்றிய ஒரு சிறு வாக்கியத்தை இவ்வமைப்பில் தந்து மூன்று பொருள் காட்டினார்: என் புத்தகம் களவுபோயிற்று, ஆளை ஏவிக் களவாடுவித்தேன், களவாடி முடிக்கும் தறுவாயில் இருந்தேன். மூன்றாவது நம் மாணவர்க்கு வேண்டுவதன்று. முதலிரண்டையும் சூழல்கொண்டு பிரித்தறியும் பயிற்சியொன்றை எந்நூலேனும் தந்திருப்பின், மாற்றியெழுதும் பயிற்சியிலும் அது பன்மடங்கு பயன் தந்திருக்கும். ஏ. எஸ். ஹோர்ன்பி 1954 இல் ஆங்கில வினைகளை 25 வாய்பாடுகளாக வகுத்தது, வினை எவ்வெச் சொற்களோடு சேர்ந்து வழங்குகின்றது என்பதைக் கற்போன் காணவேண்டும் என்பதற்காக. அவ்வகுப்பின் வழிவந்த நூல்கள் சில வாய்பாட்டை வைத்துக்கொண்டு வழக்கைக் கைவிட்டன. உவமை நயமும் ஓசை நயமும் பேசும் நம் இலக்கிய வகுப்புகளும் மிஸ்ரர் டிக்கின் அக்கேள்வியை நின்று நோக்குவதில்லை.

குறைத்த அரைப் புள்ளியை அம்மாணவனுக்கு மறுவாரம் மீட்டுக் கொடுத்தேன். அவனுக்கு முன் என்னிடம் கற்றுச் சென்றோரின் கொப்பிகள் இன்று எங்கே உளவோ, அறியேன்.